மர்மத் தொடரின் முடிவை ஊகிப்பவர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

சென்னையில் வேலை முடித்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடிக்குத் திரும்புகிறவர்களிடம், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றியபடியே டிவி பார்க்கிற பெண்களிடம், ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் போகிறவர்களிடம் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் போதும், ஏதாவது ஒரு மர்மத் தொடரைப் பற்றிய பேச்சு வந்து விழும். "இன்னாபா, கொலை பண்ணது சித்தப்பாதான். மொத எபிசோட்லயே காமிச்சிட்டான்" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்ல, செத்தவரே சாகல" என்பார் இன்னொருவர். யூடியூபைத் திறந்தால் இதே வாதம் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்டு இருபது நிமிட வீடியோவாக வரும்.

இந்தப் பேச்சில் எல்லாரும் கேட்காமலே ஒத்துக்கொள்கிற ஒரு விஷயம் இருக்கிறது. முடிவு ஏற்கனவே எங்கேயோ எழுதிப் பூட்டப்பட்டிருக்கிறது, துப்புகளைச் சரியாகக் கோத்தால் பூட்டு திறந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அது. சில தொடர்களுக்கு அது பொருந்தும். வருடக்கணக்கில் ஓடுகிற தொடர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. அவற்றில் முடிவு என்பது இனிமேல்தான் யாரோ சிலர் உட்கார்ந்து எடுக்கப்போகிற தீர்மானம். எடுக்காத தீர்மானத்தைத் துப்பு வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால், ஊகங்களில் எது தேறும் எது தேறாது என்பது ஓரளவுக்குப் பிடிபடும்.

கூத்தில் நீளும் இரவு

வட ஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா பார்த்தவர்களுக்கு இது சுலபம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் துரியோதனன் சாகும் காட்சியான படுகளம், சாயங்காலம் தீமிதி. மைதானத்தில் மண்ணால் பெரிய உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் அடித்து துரியோதனன் சாகப்போவது கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கூத்தை நடத்தும் வாத்தியார் கையில் இருப்பது இரவின் நீளம் மட்டும்தான். கூட்டம் உற்சாகமாக இருந்தால் பாட்டை இன்னொரு முறை எடுப்பார். கோமாளியாக வரும் கட்டியங்காரன் ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்து அரை மணி நேரம் ஓட்டுவான். வெளுக்க ஆரம்பித்தால் வசனத்தைச் சுருக்குவார்கள். நீளத்தை இழுக்கலாம், குறைக்கலாம். முடிவில் கை வைக்க முடியாது. துரியோதனன் எழுந்து ஓடிவிட்டான் என்று ஆடினால் வாத்தியார் அந்த ஊருக்குள் மறுபடி வர முடியாது.

டிவி தொடரில் நீளத்தோடு முடிவும் இழுபடும். அதனால்தான் கூத்துப் பார்க்கும் மனதோடு தொடரை ஆராய்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். எங்கேயோ ஒரு படுகளம் தயாராக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே பார்க்கிறார்கள்.

மூடிய கதை, திறந்த கதை

ஒளிபரப்பு தொடங்கும்போதே கடைசிக் காட்சி வரை எழுதப்பட்டிருக்கும் கதையை மூடிய கதை என்று வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதப்படுவது திறந்த கதை.

ஓடிடியில் எட்டு எபிசோடை ஒரே நாளில் வெளியிடுகிறார்களே, அது மூடிய கதை. நாம் முதல் எபிசோடைப் பார்க்கும்போது எட்டாவது எபிசோடின் டப்பிங் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். 1990-களில் நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மர்மதேசமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். வாராவாரம் வந்தாலும் 'ரகசியம்', 'விடாது கருப்பு' என்று ஒவ்வொரு கதையும் தனியாகத் தொடங்கித் தனியாக முடிந்தது. 'விடாது கருப்பு' கதையில் கருப்பு யார் என்ற கேள்விக்கு ஒரு விடை இருந்தது, கதை அதை நோக்கி நடந்தது. அந்தக் காலத்தில் அதை ஊகித்தவர்கள் வீணாக ஊகிக்கவில்லை.

தினமும் வரும் நெடுந்தொடர் அப்படியில்லை. ஒளிபரப்புக்கு முன்னால் கைவசம் எடுத்து வைத்திருக்கும் எபிசோடுகளைச் சீரியல்காரர்கள் 'பேங்க்' என்பார்கள். இந்த பேங்க் எவ்வளவு சின்னது என்பதை 2020 மார்ச்சில் நாடே பார்த்தது. கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது. கொஞ்ச நாளிலேயே சேனல்கள் பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட ஆரம்பித்தன. அடுத்த மாதக் காட்சியே எடுக்கப்படாத கதையில், மூன்று வருடம் கழித்து வரப்போகும் முடிவு எங்கே இருக்கும்?

"அப்போ எழுத்தாளருக்கு ஒன்னுமே தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியும். மொத்தக் கதையின் சுருக்கம் ஒன்றைச் சொல்லித்தான் சேனலில் ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். அதில் ஒரு முடிவும் இருக்கும். அது அன்றைய உத்தேசம், அவ்வளவுதான். நானூறு எபிசோடு தாண்டும்போது அந்தச் சுருக்கத்தில் வில்லனாக இருந்தவரை ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கலாம், நாயகியாக நடித்தவர் கல்யாணம் ஆகி விலகியிருக்கலாம். 'இவருக்குப் பதில் இவர்' என்ற அட்டையைத் திரையில் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் எதற்கு?

சுருக்கமாக: ஊகிக்கத் தொடங்கும் முன், கதை மூடியதா திறந்ததா என்று பாருங்கள். மூடியது என்றால் துப்பு பேசும். திறந்தது என்றால் துப்புக்கு வெளியே நடப்பவையும் சேர்ந்தே பேசும்.

நீட்டச் சொல்வது யார்

வெளியே நடப்பவற்றில் பெரியது டிஆர்பி. எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்பதைக் காட்டும் மதிப்பீடு அது. இந்தியாவில் 2015 முதல் பார்க் (BARC) என்ற அமைப்பு இதை அளக்கிறது. நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்து மீட்டர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்திருக்கும். அதை மீட்டர் படித்து, எந்தச் சேனல் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதை வீட்டு ஆட்கள் ரிமோட்டில் தங்களுக்குரிய பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தெந்த வீடு என்பது ரகசியம். உங்கள் பக்கத்து வீடாகவும் இருக்கலாம். வாரக் கணக்கு வியாழக்கிழமை வெளிவரும்.

இங்கே ரசிகர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முடிவைப் பற்றி யூடியூபில் லட்சம் பேர் சண்டை போட்டாலும் அந்தச் சண்டை இந்த மீட்டருக்குள் போவதில்லை. ராத்திரி சாப்பாடு பரிமாறிக்கொண்டே, யார் கொலைகாரன் என்று பெரிதாகக் கவலைப்படாமல், மாமியாரும் மருமகளும் சேர்ந்து பேயைப் பார்த்து அலறும் காட்சிக்காக உட்கார்ந்திருக்கும் வீட்டில் மீட்டர் இருந்தால், அந்த வீட்டின் ரசனைதான் கதையை இழுக்கும். கொலை விசாரணை மூன்று வாரம் காணாமல் போய், நடுவில் ஒரு வளைகாப்பு எட்டு எபிசோடுக்கு ஓடுவது இப்படித்தான்.

கதையின் ஒரு கிளையை 'ட்ராக்' என்பார்கள். எண்ணிக்கை ஏறினால் அந்த ட்ராக் நீளும், இறங்கினால் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டப்படும். இரண்டு தொடர்களின் பாத்திரங்களை ஒரே வீட்டில் கூட்டி ஒரு மணி நேரம் ஓட்டும் மகா சங்கமமும் இந்தக் கணக்குதான். அதில் வந்து போகிற வசனங்களை நிறுத்தி நிறுத்தித் துப்பு தேடுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இடது கை போலீஸ்காரர்

சரி, துப்புக்கு வருவோம். ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்ளலாம். வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் கிடங்கின் முதலாளி கொல்லப்படுகிறார். வீட்டில் ஆறு பேர் மேல் சந்தேகம். காயத்தை வைத்து, கொன்றவர் இடது கைக்காரர் என்று டாக்டர் சொல்கிறார். நாற்பதாவது எபிசோடில், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் டீ கிளாஸை இடது கையில் வாங்குகிறார். ரசிகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன்!

அந்த இடது கை நான்கு விதமாக வந்திருக்கலாம்.

ஒன்று, எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்தது. பின்னால் வரப்போவதற்கு முன்னாலேயே சத்தமில்லாமல் இடும் குறிப்பை முன்விதை என்று சொல்லலாம். இரண்டு, நம் கண்ணை உண்மையான குற்றவாளியிடமிருந்து விலக்குவதற்காகவே இன்ஸ்பெக்டரை இடது கைக்காரராகக் காட்டியது, இது திசைதிருப்பி. மூன்றாவது ரொம்பச் சாதாரணம், ஆனால் அதிகம் நடப்பது: அந்த நடிகருக்கே இடது கைப் பழக்கம். அல்லது வலது பக்கம் லைட் மறைத்ததால் கேமராமேன் கையை மாற்றச் சொன்னார். இதற்குப் பின்னால் எந்த யோசனையும் இல்லை.

நான்காவதுதான் என்னைக் கேட்டால் சுவாரசியமானது. நாற்பதாவது எபிசோடில் அது தற்செயல். முன்னூறாவது எபிசோடில் எழுத்தாளருக்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறது. பழைய எபிசோடுகளைப் புரட்டுகிறார். அடடா, இன்ஸ்பெக்டர் இடது கையில் டீ வாங்கியிருக்கிறாரே! உடனே அதை ஃபிளாஷ்பேக்கில் போட்டு, முதலிலிருந்தே திட்டமிட்டது போல ஆக்கிவிடுகிறார். பழைய தற்செயலுக்குப் பிற்பாடு அர்த்தம் கொடுப்பதைப் பின்விதை என்று வைத்துக்கொள்வோம். "அன்னைக்கே சொன்னேன் பாத்தியா!" என்று ரசிகர் குதிப்பார். சொன்னது உண்மை, பலித்ததும் உண்மை. ஆனால் அவர் சொன்ன அன்று அது துப்பே அல்ல.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல தொடர்களிலேயே இது நடக்கிறது. அமெரிக்கத் தொடரான பிரேக்கிங் பேட் 2012-ல் கடைசி சீசனைத் தொடங்கியபோது, முதல் காட்சியிலேயே நாயகன் ஒரு பெரிய இயந்திரத் துப்பாக்கியைக் காரில் வாங்கி வைப்பதாகக் காட்டினார்கள். எதற்கு என்று உலகம் முழுக்க ஊகம் நடந்தது. அதை எழுதிய அன்று எங்களுக்கே எதற்கென்று தெரியாது, பிறகுதான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தோம் என்று படைப்பாளி வின்ஸ் கில்லிகன் பின்னாளில் சொன்னார். 2013-ல் வந்த கடைசி எபிசோடில் அந்தத் துப்பாக்கி வெடித்தபோது, முதலிலிருந்தே அதற்காகக் காத்திருந்தது போலத்தான் இருந்தது. இதே தொடரில் ஜெஸ்ஸி என்ற பாத்திரம் முதல் சீசனிலேயே சாக வேண்டியவன். நடிகர் பிரமாதமாகச் செய்ததால் கடைசி வரை வந்தான். முதல் எபிசோடிலிருந்து அவன் விதியை ஆராய்ந்தவர் என்ன கண்டுபிடித்திருப்பார்?

சுருக்கமாக: ஒரு துப்பைப் பார்த்ததும் இது எதைக் காட்டுகிறது என்று கேட்கும் முன், இது எப்படி அங்கே வந்தது என்று கேட்க வேண்டும்.

ஆனாலும் யாரோ ஒருவர் சரியாகச் சொல்லிவிடுகிறாரே

சொல்வார். கணக்குப் போட்டால் அதில் மாயம் இல்லை என்று தெரியும்.

நம் வாணியம்பாடித் தொடருக்கே வருவோம். சந்தேக நபர்கள் ஆறு பேர். அறுநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள் என்றால், சராசரியாக நூறு பேர் கொலைகாரனைச் சரியாகச் சொல்லியிருப்பார்கள். ஏன் கொன்றான் என்பதற்கு நான்கு காரணங்கள் சாத்தியம் என்றால், அந்த நூறில் இருபத்தைந்து பேர் காரணத்தையும் சொல்லியிருப்பார்கள். கூட்டாளி யார் என்பதற்கு ஐந்து பெயர்கள் அடிபட்டால், மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். தொடர் முடிந்த மறுநாள் இந்த ஐந்து பேரும் மேதைகளாகத் தெரிவார்கள். மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்து பேரை யாரும் தேடிப்போய், "நீ சொன்னது தப்பாச்சே" என்று கேட்பதில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே ஆள் ஆறு வீடியோவில் ஆறு பேரையும் கொலைகாரன் என்று சொல்லிவிட்டு, பலித்த ஒன்றை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் இது குருட்டு ஊகத்தின் கணக்கு. நிஜத்தில் ரசிகர்கள் புத்திசாலிகள், அதனால் பலிக்கும் எண்ணிக்கை இன்னும் கூடும்.

ஊகம் எழுதுகிறவர் காதுக்குப் போனால்

போகும். அவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். வெஸ்ட்வேர்ல்ட் தொடரில், ரசிகர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டதால் ஒரு திருப்பத்தை மாற்றினோம் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜொனாதன் நோலன் சொல்லியிருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திறந்த கதையில் உங்கள் ஊகம் மிகச் சரியாக இருந்து, எல்லாரிடமும் பரவிவிட்டால், அதுவே அது தப்பாகப்போவதற்குக் காரணமாகலாம். எனக்கு இந்த மாற்றம் பிடிப்பதில்லை. நேர்மையாகத் துப்பு வைத்து, அதை நாலு பேர் கண்டுபிடித்தால் அது எழுத்தாளரின் வெற்றிதான். அதற்குப் பயந்து யாருமே எதிர்பார்க்காத ஒருவரைக் கொலைகாரனாக்கினால், பழைய துப்புகளெல்லாம் அநாதையாகிவிடும்.

கதையை மாற்றாமலே ரசிகர்களைக் குழப்பவும் வழி உண்டு. 1980 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் தொடரில், ஜே.ஆர். என்ற பணக்கார வில்லனை யாரோ சுட்டார்கள். யார் என்று காட்டாமல் சீசன் முடிந்தது. நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தமும் வந்து சேர, விடை நவம்பர் 21 அன்றுதான் வந்தது. எட்டு மாதம். பந்தயம் கட்டும் கடைகளில் பாத்திரங்களின் பெயர்களில் பணம் கட்டினார்கள். விடை கசிந்துவிடக்கூடாது என்று, வெவ்வேறு நடிகர்கள் சுடுவது போலப் பல காட்சிகளை எடுத்து வைத்தார்கள். படப்பிடிப்பில் இருந்தவர்களுக்கே எது நிஜம் என்று தெரியாது. ஆக, 'ஷூட்டிங் ஸ்பாட்டில் நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், அவன் பாத்துட்டான்' என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது எந்தக் காட்சி என்றும் கேளுங்கள்.

விடை சொன்னால் கடை காலி

எழுதத் தெரியாமல் இழுக்கிறார்கள் என்று திட்டுவது சுலபம். ஆனால் மர்மத் தொடருக்கு உள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கேள்விதான் அதன் எஞ்சின். விடை சொன்ன நிமிடம் எஞ்சின் நின்றுவிடும்.

ட்வின் பீக்ஸ் என்ற தொடர் 1990-ல் ஒரே கேள்வியோடு வந்தது: லாரா பாமரைக் கொன்றது யார்? உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்சுக்கு விடையைச் சொல்லும் எண்ணமே இல்லை. சேனல் நெருக்கியது. இரண்டாவது சீசனின் நடுவிலேயே கொலைகாரனைக் காட்டினார்கள். பார்வையாளர்கள் கலைந்தார்கள், 1991-ல் தொடர் நிறுத்தப்பட்டது. சொல்லாவிட்டால் கோபம், சொன்னால் ஆளே இல்லை.

இதிலிருந்து தப்பிக்கும் வழியை லாஸ்ட் தொடர்க்காரர்கள் பிடித்தார்கள். 2004-ல் தொடங்கிய அந்தத் தீவு மர்மம் எப்போது முடியும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாத நிலை. அவர்கள் சேனலோடு வாதாடி, 2007-ல் ஒரு அறிவிப்பு வரவைத்தார்கள்: இன்னும் 48 எபிசோடு, 2010-ல் முடிவு. நாள் குறித்த பிறகுதான் எந்தக் கேள்விக்கு எப்போது விடை என்று அவர்களால் பிரிக்க முடிந்தது. முடிவு எல்லாருக்கும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, முடியும் நாள் தெரிந்ததும் ஒரு திறந்த கதை மூடிய கதையாக மாற ஆரம்பிக்கிறது. துப்பு தேட உகந்த நேரம் அதற்குப் பின்தான்.

அப்போ எதைக் கவனிப்பது

முதலில் நாளைக் கண்டுபிடியுங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம். நம் சேனல்களில் முடிவு நெருங்குவதைச் சில விஷயங்கள் காட்டிக்கொடுத்துவிடும். வெவ்வேறு ட்ராக்குகள் திடீரென்று ஒரே வாரத்தில் சமாதானமாகும். புதிய பாத்திரங்கள் வருவது நிற்கும். ரெண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் கோமாவில் கிடந்தவர் கண் திறப்பார். தொடரை ஆறரை மணிக்கோ மதியத்துக்கோ தள்ளுவார்கள்.

அப்புறம் ஆள். இங்கே கதைத் துப்பைவிட நடிகர் தேர்வு பல சமயம் உதவும். சம்பளம் அதிகம் வாங்கும் பழைய சினிமா வில்லன் ஒருவர், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆறு மாதமாக ஒரு வரி வசனமும் இல்லாமல் நிற்கிறார் என்றால், தயாரிப்பாளர் அவருக்குச் சும்மா பணம் கொடுக்கவில்லை. அதேபோல, கேமரா ஒரு பொருளின் மேல் ஒரு தடவை நின்றால் தற்செயலாக இருக்கலாம். வெவ்வேறு இயக்குநர் எடுத்த எபிசோடுகளிலும் அதே பொருளின் மேல் நின்றால், யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஊகத்தைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். நீங்கள் சொல்லும் கொலைகாரன் அவன் இல்லை என்று காட்ட, என்ன நடக்க வேண்டும்? "கொலை நடந்த ராத்திரி அவர் ஜோலார்பேட்டையில் இருந்ததாகக் காட்டினால் நான் சொன்னது தப்பு" என்று ஒருவர் சொன்னால், அது ஊகம், பேசலாம். "அப்படிக் காட்டினாலும் அதுவும் நடிப்புதான்" என்று ஒருவர் சொன்னால், அவரோடு காட்பாடி வரும்வரை பேசலாம், முடிவு வராது.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் கதைக்குள் இல்லை. புதிய தொடரின் ப்ரோமோவில் அது இருக்கிறது. 'விரைவில்' என்று மட்டும் போட்டால் ஒன்றும் அர்த்தமில்லை. கிழமையும் நேரமும் போட்டு, அது உங்கள் தொடரின் ஒன்பது மணியாக இருந்து, உங்கள் தொடருக்கு வேறு நேரமும் சொல்லவில்லை என்றால், உங்கள் கொலைகாரனுக்கு இன்னும் சில நாட்கள்தான். பந்தயம் கட்டுவதாக இருந்தால் அந்த வாரம் கட்டுங்கள்.